நெடுந்தூர லாரியா, உள்ளூர் வண்டியா: நிற்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள் என்று கேளுங்கள்

கனரக வாகன உரிமம் எடுத்துவிட்டீர்கள். ஊரில் ஒரு கல்லூரிப் பேருந்து ஓட்டும் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. வடக்கே போகும் லாரியில் ஏறினால் அதைப்போல் இரு மடங்கு பார்க்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், எதில் சேருவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும், "வயசு இருக்கும்போதே லைனுக்கு (நெடுந்தூர ஓட்டத்துக்கு) போய் நாலு காசு சேர்த்துக்கொள், கல்யாணத்துக்குப் பிறகு ஊரோடு இருந்துகொள்ளலாம்" என்று ஒரு பதில் தயாராக வந்துவிடும். அதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் லாரி கேபினில் ஒரு ராத்திரிகூடப் படுத்திருக்க மாட்டார்கள் என்பதால், கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் சங்ககிரிக்காரன். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் லாரியோடு ஒட்டும் உறவும் இல்லாத குடும்பத்தைப் பார்ப்பது அரிது. ஒருவர் ஓட்டுவார், ஒருவர் பாடி கட்டும் பட்டறையில் இருப்பார், ஒருவர் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பழைய வண்டி ஒன்றை வாங்கி ஓனர் ஆகியிருப்பார். நான் பல ஆண்டுகள் நேஷனல் பெர்மிட் வண்டியில் டெல்லி, நாக்பூர், கொல்கத்தா என்று ஓடிவிட்டு, இடையில் டிப்பரும் கல்லூரிப் பேருந்தும் ஓட்டிப் பார்த்து, இப்போது நாமக்கல்லில் கோழித் தீவன லாரி ஓட்டுகிறேன். லாரி ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு கோர்வையாக எழுத வருமா என்று யாராவது கேட்கக்கூடும். லோடு கிடைக்காமல் கிடந்த நாட்களில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். படிப்பதற்கு எங்கள் அளவுக்கு நேரம் கிடைத்தவர்கள் குறைவு.

அந்த நேரத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். லைன் வண்டியில் மாதச் சம்பளம் பெரும்பாலும் கிடையாது. வாடகையில் ஒரு பங்கு, அல்லது கிலோமீட்டருக்கு இவ்வளவு, அதோடு சாப்பாட்டுப் படி என்று பேசி வண்டியைக் கையில் கொடுப்பார்கள். உங்கள் நண்பர்கள் சொல்லும் இரு மடங்கு, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் வருகிற தொகை. சேலத்திலிருந்து டெல்லி 2,300 கிலோமீட்டருக்கு மேல்; அதை ஓடுவதற்கு ஆகும் நாட்களை மட்டும் எண்ணி, மாதத்துக்கு இத்தனை நடை என்று பெருக்கிவிடுகிறார்கள். லோடு ஏற்றுவதற்காக நிற்பது, இறக்குவதற்காக நிற்பது, ரிட்டன் லோடுக்காக நிற்பது, பெரிய நகரங்களுக்குள் பகலில் கனரக வண்டி நுழையக் கூடாது என்பதால் இரவு வரை வெளியே நிற்பது ஆகிய எதுவும் அந்தப் பெருக்கலில் சேருவதில்லை.

ஒரு டிசம்பர்க் கடைசியில் சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு டெல்லிக்குப் போனேன். பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் வரை ஒரு குறையும் இல்லை. குவாலியரைத் தாண்டிய பிறகு மூடுபனி பிடித்துக்கொண்டது. அந்தப் பனியில் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு தெரிந்தால் நகர வேண்டும், தெரியாவிட்டால் பெட்ரோல் பங்க்காகப் பார்த்து ஒதுங்கிவிட வேண்டும். ஒருவழியாக டெல்லி போய்ச் சேர்ந்து, நுழைவு நேரம் பார்த்து இரவில் கோடவுன் வாசலில் வண்டியை நிறுத்தினால், உள்ளே இடம் இல்லை, காத்திரு என்றார்கள். மறுநாளும் அதே பதில், அதற்கு மறுநாள் விடுமுறை, அப்புறம் லோடுமேன்கள் வரவில்லை. வாசலில் எங்களைப் போல் வரிசையாக லாரிகள் நின்றன; ஒருவரையும் உள்ளே இருக்கும் கழிப்பறைக்கு விடவில்லை. சரக்கை நம்பி எங்களிடம் ஒப்படைக்கிறவர்களுக்கும் அதை வாங்கிக்கொள்கிறவர்களுக்கும், ஒரு வாளித் தண்ணீர் விஷயத்தில் மட்டும் எங்கள்மேல் நம்பிக்கை வராததை இன்றுவரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

கடைசியில் இறக்கியபோது, மேலடுக்கில் சில மூட்டைகள் ஈரம் என்று ஷார்ட்டேஜ், அதாவது சரக்கு இழப்பு, எழுதினார்கள். தார்ப்பாய் போடுவதில் நான் அலட்சியக்காரன் அல்ல. இரட்டைத் தார்ப்பாய் விரித்து, மூலைகளை உறை மடிப்பதுபோல் உள்ளே மடக்கி, கயிற்றைக் கொக்கிக்குக் கொக்கி குறுக்காக இழுத்துக் கட்டி, டீக்கு நிறுத்தும்போதெல்லாம் கயிற்றைக் கையால் தட்டித் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறவன். ஓடுகிற வண்டியில் தண்ணீர் தங்குவதில்லை, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நாட்கணக்கில் நிற்கும் வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே தார்ப்பாய் தொய்ந்து, பனியும் தூறலும் அந்தப் பள்ளத்தில் தேங்கி, ஏதாவது ஒரு தையல் வழியாக இறங்கத்தான் செய்யும். அவர்கள் நிறுத்தி வைத்ததால் வந்த ஈரத்துக்கு என் பங்கிலிருந்து பிடித்தம் செய்யப்பட்டது. நிறுத்தி வைத்த நாட்களுக்கான ஹால்டிங் பணத்தைக் கேட்டதற்கு, லோடு பிடித்துக் கொடுத்த புக்கிங் ஆபீஸில் கேள் என்று சரக்குக்காரரான பார்ட்டி சொன்னார். பார்ட்டி கொடுத்தால் தருகிறோம் என்று புக்கிங் ஆபீஸ் சொன்னது.

அதன் பிறகு சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் ரிட்டன் லோடுக்காகக் கிடந்தேன். தமிழ்நாட்டு வண்டிகள் ஓரமாகச் சேர்ந்து நிற்கும், டூல் பாக்ஸிலிருந்து அடுப்பு இறங்கும், ஒருவர் அரிசியும் ஒருவர் கருவாடும் போட்டுச் சமையல் நடக்கும். கேட்பதற்கு உல்லாசப் பயணம்போல் இருக்கும். அந்தக் குளிரில், படிக்காசையும் செலவழித்துக்கொண்டு, ஊரிலிருந்து வரும் போனை எடுத்து "நாளைக்குக் கிளம்பிவிடுவேன்" என்று தினமும் சொல்வது அவ்வளவு உல்லாசமானது அல்ல. ஓனரை மட்டும் நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றை வண்டி ஓனருக்கு மாதத் தவணை, இன்சூரன்ஸ், டயர், எப்.சி. என்னும் தகுதிச் சான்று எல்லாம் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். காலியாகத் திரும்பினால் டீசல் செலவிலேயே அவர் மூழ்கிவிடுவார். அவருக்கும் எனக்கும் கூலி கொடுக்காமல் எங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள்.

இதன் விளைவு எங்கே வந்து முடியும் என்பதைத் தொப்பூர்க் கணவாயில் பார்க்கலாம். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் ஏன் இத்தனை விபத்து என்று செய்தி வரும்போதெல்லாம், டிரைவர் கண்ணயர்ந்தார், குடித்திருந்தார் என்று எழுதிவிடுகிறார்கள். ஓனர் இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று மைலேஜ் கணக்குப் போட்டு டீசல் கொடுக்கும் வண்டிகளில், மிச்சம் பிடித்தால் அது ஓட்டுநருக்கு. நின்ற நாட்களில் இழந்ததை எங்காவது பிடித்தாக வேண்டுமே என்று நினைக்கிறவன், இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடுவான். இன்ஜின் பிடிப்பு இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து, டிரம்மும் லைனரும் காய்ந்து, பாதிச் சரிவில் மிதித்தால் பிடிக்காது. நியூட்ரலில் விடுவதை நான் நியாயப்படுத்தவில்லை. லைனுக்குப் போனால் அந்த எண்ணம் உங்களுக்கும் ஒருநாள் வரும், வரும்போது கியரிலேயே இறங்குங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

"அதெல்லாம் பழைய கதை, இப்போது நிலைமை மாறிவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். மாறியதை மறுக்கவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு மாநில எல்லைகளில் இருந்த வணிக வரிச் சோதனைச் சாவடிகள் போயின. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து சுங்கச் சாவடி வரிசையும் குறைந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் லாரிகளின் ஓட்டுநர் கேபினில் ஏ.சி. இருந்தாக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ரோட்டில் நிற்கும் நேரம் குறைந்திருக்கிறது, கோடவுன் வாசலில் நிற்கும் நேரம் அப்படியே இருக்கிறது. சட்டத்தையும் சிலர் காட்டுவார்கள். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது உண்மைதான். அது ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனங்களுக்கு எழுதப்பட்டது. எங்கள் பக்கத்து வண்டிகளில் எத்தனையோ ஒற்றை வண்டி ஓனர்களுடையவை.

உங்களைப் போன்ற புதியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முன்பெல்லாம் கிளீனராக ஏறி, டயர் மாட்டி, கயிறு கட்டி, ரிவர்ஸ் பார்த்துச் சொல்லி, இரவில் காலியான சாலையில் டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைக் கொடுக்கும்போது தொழில் பழகினோம். செலவு கட்டுப்படியாகவில்லை என்று இப்போது பல வண்டிகளில் கிளீனரே கிடையாது, ஓட்டுநர் ஒருவரே எல்லாம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஓட்டி உரிமம் வாங்கியவர் தனி ஆளாக 2,000 கிலோமீட்டர் போவது துணிச்சலில் சேராது. மொழி தெரியாத இடத்தில் வண்டி எதிலாவது இடித்துவிட்டால், தப்பு யாருடையதாக இருந்தாலும் கூட்டம் முதலில் அடிப்பது பெரிய வண்டிக்காரனைத்தான். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவில், விபத்தில் உயிர்போன பின் தகவல் சொல்லாமல் தப்பிச் சென்றால் 10 ஆண்டு வரை சிறை என்று இருந்ததை எதிர்த்து 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அந்த உட்பிரிவு மட்டும் ஜூலை 1-இல் அமலுக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. தப்பி ஓடுவது தவறு என்பது எங்களுக்கும் தெரியும், நின்றால் உயிர் மிஞ்சுமா என்பதுதான் எங்கள் கேள்வி.

இதையெல்லாம் படித்துவிட்டு உள்ளூர் வண்டிதான் சொர்க்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் ஓட்டிய டிப்பரில் நடைக்கு இவ்வளவு என்று கூலி. கல் உடைக்கும் கிரஷரில் வரிசையிலும் எடை மேடையிலும் நிற்கும் நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. நின்ற நேரத்தை ரோட்டில் பிடிக்க வேண்டியிருப்பதால்தான் டிப்பர்கள் அப்படிப் பறக்கின்றன. தினமும் வீட்டில் சாப்பிட்டேன் என்பதைத் தவிர, லைனுக்கும் அதற்கும் வித்தியாசம் காணவில்லை. கல்லூரிப் பேருந்தில் மாதச் சம்பளம் உண்டு, ஆகவே காலையில் மாணவர்களை இறக்கிவிட்டு மாலை வரை இருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். அந்த நேரத்தில் செடிக்குத் தண்ணீர் விடுவது, நாற்காலி தூக்குவது, தேர்வு நாட்களில் வாசலில் நிற்பது எல்லாம் எங்கள் வேலை ஆயின. அதையும் பொறுத்துக்கொண்டேன். விடுமுறை மாதத்தில் பேருந்து ஓடவில்லை என்று பாதிச் சம்பளம் போட்டபோதுதான் கணக்குத் தெளிவாகப் புரிந்து விலகினேன்.

இப்போது ஓட்டும் தீவன லாரியிலும் அசௌகரியங்கள் உண்டு. நள்ளிரவுக்கு மேல் மில்லில் மூட்டை ஏற்றி, விடிவதற்குள் பண்ணைக்குப் போனால், நோய்க் கிருமி உள்ளே போகக் கூடாது என்று வாசலிலேயே டயர்களுக்கு மருந்து தெளித்த பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள். வீடு திரும்பும்போது பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள், பகல் வெயிலில் தூங்க வேண்டும். லைனில் நன்றாக ஓடிய மாதங்களோடு ஒப்பிட்டால் வரும்படி குறைவுதான். ஆனால் மில்லில் மின்சாரம் நின்று நான் நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்தாலும் மாதக் கடைசியில் வரும் தொகை மாறுவதில்லை, அதனால் ரோட்டில் அவசரப்பட எனக்குக் காரணமும் இல்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: அந்தக் கல்லூரியில் விடுமுறை மாதத்துக்கு முழுச் சம்பளம் உண்டா, நடுப்பகலில் என்ன வேலை என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள்; ஒழுங்கான பதில் வந்தால் ஓராண்டாவது அதில் ஓட்டிக் கையைப் பழக்குங்கள். லைனுக்குத்தான் போவேன் என்றால், இரண்டு ஓட்டுநர் போகும் வண்டியில், அனுபவசாலி ஒருவருக்கு இரண்டாம் ஆளாக மட்டும் ஏறுங்கள். எத்தனை நாள் நின்றால் எவ்வளவு படி, ஷார்ட்டேஜ் யார் தலையில், அதிகப் பாரத்துக்கு அபராதம் விழுந்தால் யார் கட்டுவது என்பதை ஓனரிடம் முதல் நாளே பேசி, போனில் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். லைனுக்கும் உள்ளூருக்கும் நடுவே எங்கள் ஊர் எல்.பி.ஜி. டேங்கர்களும் இருக்கின்றன; ஆனால் அவற்றுக்கு அபாயப் பொருள் ஏற்றும் 3 நாள் பயிற்சியை முடித்து, உரிமத்திலும் அதற்கான பதிவு வாங்க வேண்டும். எந்த வண்டியில் ஏறினாலும் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்துகொள்ளுங்கள். விபத்து நிவாரணமும் பிள்ளைகளின் படிப்பு உதவியும் அதில் உண்டு, இதை உங்களுக்கு ஓனரும் சொல்ல மாட்டார், புக்கிங் ஆபீஸும் சொல்லாது.