மகள் டேப்பெஸ்ட்ரி நெய்யப் போகிறேன் என்கிறாள்

பள்ளி முடித்ததும் டேப்பெஸ்ட்ரி, அதாவது நூலாலேயே படம் நெய்த திரைகள், நெய்வதையே தொழிலாக்கிக்கொள்வேன் என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாள், இது வயிற்றுப்பாட்டுக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். எந்த வழியில் போகிறாள் என்பதைப் பொறுத்து.

சாதாரணத் துணியில் ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஓடும். டேப்பெஸ்ட்ரியில் ஒவ்வொரு நிற நூலும் தன் இடத்துக்குள்ளேயே போய்த் திரும்பும். பாவு, அதாவது தறியில் இழுத்துக் கட்டிய நெடுக்கு நூல், தெரியாதபடி ஊடையை அடித்து நெருக்க வேண்டும். எல்லாம் விரல் வேலை. நுணுக்கமான படம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கே மாதக்கணக்காகும். பல பட்டறைகளில் பின்பக்கத்தைப் பார்த்தபடியே நெய்வார்கள். முடிந்த பகுதி உருளையில் சுருண்டுவிடும். முழுப் படத்தையும் பார்ப்பது தறியிலிருந்து அறுத்து இறக்கும் நாளில்தான். இந்தப் பொறுமை அவளுக்கு இருக்கிறதா? வரையத் தெரியுமா என்பதெல்லாம் அப்புறம்.

சரி, வருமானம். பாரிஸின் கோப்லன், எடின்பரோவில் 1912இல் தொடங்கிய டவ்காட் போன்ற பட்டறைகளில் ஓவியர் தரும் படத்தை நெசவாளர்கள் நெய்கிறார்கள். சம்பளம் உண்டு, இடங்கள் மிகக் குறைவு. நகலெடுக்கும் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: ஓவியர் ஒரே இழுப்பில் தீட்டியதை எந்தெந்த நிற இழைகளைச் சேர்த்துக் கொண்டுவருவது என்று முடிவெடுப்பவர் நெசவாளர்.

சொந்தமாக வரைந்து நெய்வது இன்னொரு வழி. நார்வேயில் வாழ்ந்த ஹன்னா ரிக்கன் கம்பளியைத் தானே நூற்று, செடிகளிலிருந்து சாயம் எடுத்து, பாசிசத்துக்கு எதிராக நெய்தார். அவருடைய துணிச்சலைப் படிக்கட்டும். வரவு செலவுக்கு அவரை மாதிரியாக வைக்க வேண்டாம். தனியாக நெய்பவர்கள் பலர் வகுப்பெடுத்தும் பழைய திரைகளைப் பழுதுபார்த்தும்தான் சமாளிக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் துணிப் பாதுகாப்பு வேலையும் உண்டு. அதற்குச் சாயமும் இழையும் எப்படிச் சிதைகின்றன என்று தெரிய வேண்டும். ஆகவே வேதியியலை இப்போதே விட்டுவிட வேண்டாம்.

இப்போதைக்கு ஒரு மரச் சட்டம், பருத்திப் பாவு, கொஞ்சம் கம்பளி நூல் போதும். உள்ளங்கை அளவில் ஒரு வட்டம் நெய்யச் சொல்லுங்கள். பாவு ஓடும் திசையில் நேராக நிறம் மாறினால் அங்கே பிளவு விழும், வளைவோ படிக்கட்டுப் போல உடையும். அதைச் சரிசெய்ய எத்தனை முறை பிரிக்கிறாள், எத்தனை மணி நேரம் போகிறது என்று அவளே குறித்துவைக்கட்டும். அந்தத் துண்டோடும் குறிப்போடும் இருவரும் வாருங்கள். மணிக்கு எவ்வளவு கிடைத்தால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய தறி வாங்குவது அதற்குப் பிறகு.