ஸ்லீப் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் ‘தி சயின்ஸஸ்’ ஆல்பத்தைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் ‘வெறும் இழுவை’ என்கிறார்கள். நீங்கள் கேட்டபோது எப்படி இருந்தது?

அந்த ஆல்பம் வெளியான அன்று மாலையே பெங்களூர் அல்சூரில் என் வாடகை வீட்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கேட்டோம். அதன்பின் வாரக்கணக்கில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: எனக்குத் தெரிந்தவர்களில் ‘இழுவை’ என்று ஒதுக்கியவர்கள் எல்லோருமே அதைச் செல்போன் ஸ்பீக்கரிலோ, மெட்ரோவில் நின்றபடி பாதி கவனத்துடனோ கேட்டவர்கள். மெதுவும் கனமுமான இந்த ‘டூம் மெட்டல்’ இசைக்கு மெதுவான நடை உயிர் என்றால், அடியொலி, அதாவது பேஸின் தாழ்ந்த அதிர்வு, உடல். போனில் கேட்கும்போது அந்த உடல் போய்விடுகிறது. மிஞ்சுவது மெதுவான நடை மட்டும்தான்.

குழுவை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஸ்லீப் 1990இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உருவானது. பேஸ் வாசித்துப் பாடுபவர் அல் சிஸ்னரோஸ், கித்தார் மாட் பைக், அந்நாளில் டிரம்ஸ் கிறிஸ் ஹேக்கியஸ். 1990களின் நடுவில் ஒரு மணி நேரத்தைத் தொடும் ஒரே பாட்டை ஒரு முழு ஆல்பமாகப் பதிவு செய்தார்கள். அவர்களை ஒப்பந்தம் செய்திருந்த நிறுவனம் அதை வெளியிட மறுத்ததும் குழு கலைந்தது. ‘டோப்ஸ்மோக்கர்’ என்ற பெயரில் 63 நிமிடமும் முழுமையாக வெளிவந்தது 2003இல்தான். 2009இல் மீண்டும் மேடையேறிய பிறகு, ஹேக்கியஸின் இடத்துக்கு நியூரோசிஸ் குழுவின் ஜேசன் ரோடர் வந்தார். முன்கூட்டிய விளம்பரம் ஏதுமின்றி 2018 ஏப்ரல் 20 அன்று, ராக் கலைஞர் ஜாக் வைட்டின் இசை வெளியீட்டு நிறுவனமான தேர்ட் மேன் ரெக்கார்ட்ஸ் வழியாக, ‘தி சயின்ஸஸ்’ வந்தது. ஆறு உருப்படிகள், ஏறத்தாழ 53 நிமிடம். ஏப்ரல் 20 அமெரிக்கக் கஞ்சாப் பிரியர்கள் கொண்டாடும் நாள். ஆல்பத்தின் இரண்டாவது பாட்டே புகைக்குழாயில் நீர் குமிழியிடும் ஓசையோடுதான் தொடங்குகிறது. அந்தப் பழக்கம் எனக்கு இல்லை, இந்த இசையில் மூழ்குவதற்கு அது வேண்டியதும் இல்லை.

எங்களில் ஒருவருடைய குடும்பம் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் மைக்செட் வாடகைக்கு விடுகிறது. அன்று அவர் 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வந்தார். ஒலியை மிதமாகத்தான் வைத்தோம். நான்காவது பாட்டான ‘அண்டார்க்டிகன்ஸ் தாட்’ தொடங்கிச் சில நிமிடங்கள் ஆனபின், அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்களில் ஒன்று மட்டும், கித்தாரும் பேஸும் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் வந்து நிற்கும்போதெல்லாம், ரீங்காரமிட ஆரம்பித்தது. யாரும் எழுந்து அதை நகர்த்தவில்லை. அடுத்த முறை அந்தச் சுரம் எப்போது வரும் என்று நால்வரும் காத்திருக்கத் தொடங்கிவிட்டோம். 14 நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு எங்களுக்கு நீளமாகவே தோன்றவில்லை. பாட்டு முடிந்த நேரத்தில் கீழ்வீட்டுப் பாட்டி படியேறி வந்து, “ஏன் தம்பி, மேல கிரைண்டர் ஓடுதா? காலுக்குக் கீழே தரை அதிருதே” என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒலியைக் குறைத்தோம். ஆனாலும் அன்று நாங்கள் சொன்ன எல்லாக் கருத்துகளையும்விட அவர் சொன்னதே சரியான விமர்சனம் என்று இன்றும் நினைக்கிறேன். காதைவிடக் கால்தான் இந்த இசையை முதலில் அறிகிறது.

இதன் காரணம் எளிமையானது. பேஸ் கித்தாரின் தடித்த தந்தி வழக்கமான சுருதியில் 41 ஹெர்ட்ஸில் அதிரும். அதை இரண்டு முழுச்சுரம் இறக்கினால் 33 ஹெர்ட்ஸுக்கு அருகில் வந்துவிடும். செல்போனின் குட்டி ஸ்பீக்கரால் அந்த அதிர்வை எழுப்பவே முடியாது. சுருதியை இப்படி இறக்கும் வழக்கத்தின் வேர், மெட்டல் இசையின் முன்னோடியான பிளாக் சபாத் என்ற பிரிட்டிஷ் குழுவில் இருக்கிறது. பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்த அதன் கித்தார் கலைஞர் டோனி ஐயோமி, 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை ஒன்றரைச் சுரம் இறக்கினார். தளர்ந்த தந்தி அந்த விரல்களுக்கு இதமாக இருந்தது, ஒலியும் கனத்தது. அந்தக் கடனை ஸ்லீப் மறைக்கவில்லை. ஐந்தாவது பாட்டுக்கு, சபாத்தின் பேஸ் கலைஞர் கீசர் பட்லரின் பெயரை எகிப்தின் கீசாவோடு சேர்த்து ‘கீசா பட்லர்’ என்றே பெயர் வைத்தார்கள்.

எங்களுக்குள் பெரிய விவாதம் டிரம்ஸைப் பற்றித்தான். மிருதங்கம் கற்ற நண்பர், ஹேக்கியஸின் வாசிப்பில் இருந்த தள்ளாட்டம் போய்விட்டது, ரோடர் அளந்து வைத்தாற்போல் அடிக்கிறார் என்று வருத்தப்பட்டார். நான் உடன்படவில்லை. கர்நாடக இசையின் மிக மெதுவான நடையான நாலு களைச் சவுக்கத்தில் தாளம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு தட்டுகளுக்கு நடுவில் விரிந்து கிடக்கும் அந்த இடைவெளியைப் பதறாமல் தாங்குவதுதான் கடினம். ரோடர் அதைத் தாங்குகிறார்; அதனால்தான் மாட் பைக் தன் தனி வாசிப்பில் அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வர முடிகிறது. ஒரு மாதம் கழித்து, ‘சோனிக் டைட்டன்’ பாட்டுக்கு மட்டும் நண்பர் என் பக்கம் வந்தார். மற்றவற்றுக்கு இன்னும் வரவில்லை.

‘சிஸ்னரோஸ் பாடவே இல்லை, ஓதுகிறார்’ என்ற குறையும் நிறையக் கேட்டேன். உண்மைதான். குழு கலைந்திருந்த காலத்தில் அவரும் ஹேக்கியஸும் தொடங்கிய ‘ஓம்’ குழுவில் வளர்ந்த பாணி அது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுரத்தைப் பிடித்து ஒத்து ஊதுபவரிடம் யாரும் ராகம் எதிர்பார்ப்பதில்லை. அந்த நினைப்போடு அவர் குரலைக் கேட்டால் அது நிற்கும் இடம் புரியும்.

நியாயமான குறைகளும் உண்டு. மூன்று நிமிட முதல் உருப்படி வெறும் கித்தார் இரைச்சல். மேடையில் அது எடுபடலாம், வீட்டில் எனக்கு அலுப்பாகவே இருந்தது. ‘சோனிக் டைட்டன்’ புதிய பாட்டும் அல்ல. அதன் மேடைப் பதிவு 2003இலேயே ‘டோப்ஸ்மோக்கர்’ வெளியீட்டோடு வந்துவிட்டது. அத்தனை வருடம் காத்திருந்தவர்கள் இதைச் சொல்லிக் குறைப்பட்டால் நான் மறுக்க மாட்டேன். பெங்களூரில், 2012லேயே தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்துவிட்ட பெவர் சீ என்ற உள்ளூர் டூம் மெட்டல் குழுவைக் கேட்டு இந்த நடைக்குப் பழகியிருந்த நண்பர்கள்கூட இந்த இரண்டையும் குறிப்பிட்டார்கள்.

நீங்கள் ஒரு முறை கேட்டு விட்டுவிட்டவர் என்றால், முதல் உருப்படியைத் தாண்டி நேராக ‘கீசா பட்லர்’ பாட்டுக்குப் போங்கள். சிஸ்னரோஸின் பேஸ் தணிந்த குரலில் அதைத் தொடங்கிவைக்கும். மற்றவர்கள் வந்து சேரும்போது ஒலியை மாற்றாதீர்கள். ஒண்டுக்குடித்தனத்தில் பெட்டி வைக்க முடியாதென்றால் காதை முழுவதும் மூடும் ஹெட்போன் போதும். அந்தப் பத்து நிமிடமும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.