பெயரைச் சுருக்கலாம், ஊரைச் சுருக்காதீர்கள்

தொட்டி மீன் வளர்ப்பு: கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி கில்லி என்ற சின்ன வண்ண மீன்களைப் பற்றியவை. அதனால் கப்பி மீன் வளர்ப்பவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம்: மீன் பெயரின் சுருக்கக் குறிகளை நாம் சீட்டில் ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறோம். இங்கே அந்த எழுத்துகளின் ஒலியைத் தமிழில் தந்திருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): நாங்கள் ஏழெட்டுப் பேர் கில்லி வளர்க்கிறோம். முட்டை கலந்த ஈரப் பீட்டை (மக்கிய பாசித் தூளை) பையில் போட்டு ஒருவருக்கொருவர் கூரியரில் அனுப்பிக்கொள்கிறோம். மீன் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சுருக்கி எழுதுவதில் ஒரே குழப்பம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு குறியீட்டுப் பட்டியல் போட நினைக்கிறோம். எப்படிப் போடலாம்?

பதில்: கட்டாயம் போடுங்கள். இந்தக் குழப்பத்தில் நானே அடிபட்டவன்.

பெங்களூர் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு பை அனுப்பினார். உள்ளங்கை அகல ஜிப் பை. உள்ளே வடிகட்டிப் பிழிந்த டீத்தூள் மாதிரி பீட். அதில் முட்டை சில மாதம் கிடந்த பிறகு தண்ணீர் விட்டால்தான் குஞ்சு பொரியும். மேலே மார்க்கரில் ஒரு தேதியும் ‘என்.ஆர்.’ என்று இரண்டே எழுத்தும். நான் அவரிடம் நோதோபிராங்கியஸ் ருப்ரிபின்னிஸ் கேட்டிருந்தேன். அதுதான் வந்திருக்கிறது என்று நினைத்து, நாள் எண்ணி, மூன்றாம் மாதம் தண்ணீர் விட்டேன். மறுநாள் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு குஞ்சு கூட இல்லை. ஒரு வாரத்தில் முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டன. போன் போட்டுக் கேட்டேன். “அண்ணே, அது ரக்கோவி. ஆறு மாசம் காய விடணுமே!” என்றார். நோதோபிராங்கியஸ் ரக்கோவிக்கும் அதே என்.ஆர். தானே. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்காமல் தண்ணீர் விட்டது நான்.

ஆகவே முதலெழுத்து இரண்டை மட்டும் எழுதும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்து இன்னும் மோசம். ஆப்பிரிக்காவின் அஃபியோசெமியானுக்கும் ஏ, தென் அமெரிக்காவின் ஆஸ்ட்ரோலெபியாஸுக்கும் ஏ, நம் ஊர் அப்லோகைலஸுக்கும் ஏ. ‘ஏ.எல்.’ என்றால் அப்லோகைலஸ் லினியேட்டஸா, அஃபியோசெமியான் லபாரியா, அஃபியோசெமியான் லூயேவா? கொசு ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. டெங்கு பரப்பும் ஏடிஸ், மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே. அதனால் அவர்கள் பேரினத்துக்கு, அதாவது பெயரின் முதல் சொல்லுக்கு, இரண்டெழுத்து என்று வைத்துக்கொண்டார்கள்: ஏ.இ., ஏ.என்., கியூலெக்ஸுக்கு சி.எக்ஸ்.

கில்லி வளர்ப்பவர்களிடம் ஏற்கெனவே புழங்குவது மூன்றெழுத்துக் குறி. அதுவும் பேரினப் பெயரிலிருந்து எடுப்பதில்லை, அதற்கு அடுத்த சிற்றினப் பெயரிலிருந்து எடுப்பது. கார்ட்னெரிக்கு ஜி.ஏ.ஆர்., ஆஸ்ட்ராலேவுக்கு ஏ.யூ.எஸ். இதன் அருமை எனக்குச் சட்டென்று புரிந்தது. சென்ட்ரல் பக்கம் ஒரு பார்சல் ஏஜென்ட் கடையில் பல வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான், மூட்டை மூட்டையாக ரயில் நிலையக் குறி எழுதிய கை இது. மெட்ராஸ் 1996இல் சென்னை ஆனது, 2019இல் சென்ட்ரல் நிலையத்தின் பெயரே எம்.ஜி.ஆர். பெயராக மாறியது. குறி மட்டும் இன்றைக்கும் எம்.ஏ.எஸ். தான். கார்ட்னெரியும் அப்படித்தான். அதன் பேரினம் முன்பு அஃபியோசெமியான், இப்போது ஃபண்டுலோபாஞ்சாக்ஸ். ஜி.ஏ.ஆர். அசையவில்லை.

பெயரின் முன்பக்கத்திலிருந்து எழுத்தை எடுப்பதற்கும் காரணம் உண்டு. லத்தீனில் பேரினத்தின் பாலுக்கு ஏற்றபடி சிற்றினப் பெயரின் விகுதி மாறும். நம்மிடம் ‘வந்தான்’, ‘வந்தது’ ஆவது போல. அஃபியோசெமியானாக இருந்தவரை ‘ஃபிலமென்டோசம்’, ஃபண்டுலோபாஞ்சாக்ஸ் ஆனதும் ‘ஃபிலமென்டோசஸ்’. வால்தான் மாறியது, தலை மாறவில்லை.

சிக்கல் எங்கே என்றால் மோதலில். கார்ட்னெரியின் கிளையினமான நைஜீரியாவின் நைஜீரியானஸ், தென் அமெரிக்காவின் ஆஸ்ட்ரோலெபியாஸ் நிக்ரிபின்னிஸ் இரண்டும் என்.ஐ.ஜி. என்றே தொடங்கும். கினி நாட்டிலேயே கினியென்ஸே என்று ஒன்று, கினார்டி என்று ஒன்று. இரண்டுக்கும் முதல் மூன்றெழுத்து ஜி.யூ.ஐ. போதாக்குறைக்கு இரண்டும் ஒரு காலத்தில் ரொலோஃபியா என்ற ஒரே பேரினத்தில் இருந்தவை. என் யோசனை: முதலில் பெயர் பெற்ற மீனுக்கே அந்த மூன்றெழுத்து. கினியென்ஸேவுக்குப் பெயர் வைத்தது 1954இல், கினார்டிக்கு 1981இல். எனவே பின்னால் வந்தது ஓர் எழுத்தை மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் நீங்களாக ஒன்றை உருவாக்கும் முன் வெளியே புழங்கும் குறி எது என்று பாருங்கள். கோயம்புத்தூருக்கு ஒரு குறி, கொச்சிக்கு ஒரு குறி என்று ஆனால் பட்டியல் போட்டதே வீண்.

அப்புறம், பையில் குறி எழுதினாலும் உள்ளே வைக்கும் சீட்டில் முழுப் பெயர் ஒரு தடவையாவது இருக்கட்டும்.

கேள்வி (மதுரை வாசகர்): மீன் பெயருக்குப் பின்னால் ‘டி.ஏ.என். 97-2’ போல ஏதோ எண் போடுகிறார்களே, அது எதற்கு? சீட்டில் இடம் போதவில்லை, விட்டுவிடலாமா?

பதில்: பெயரை வேண்டுமானால் விடுங்கள், அதை விடாதீர்கள்!

அது மீன் பிடித்த இடத்தின் முகவரி. டி.ஏ.என். என்பது தான்சானியா, 97 என்பது ஆண்டு, 2 என்பது அந்தப் பயணத்தில் அவர்கள் வலை போட்ட இடத்தின் வரிசை எண். சிலர் நாட்டுக்குப் பதிலாகப் பிடித்தவர்களின் பெயரெழுத்தைப் போடுவார்கள். பெயர் தப்பாக இருந்தால் ஆண் மீன் நிறம் பிடித்ததும் தெரிந்தவர் யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார். எந்தக் குட்டையிலிருந்து வந்தது என்பதை மீனைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பெண் மீன் என்றால் கேட்கவே வேண்டாம். நோதோபிராங்கியஸ் பெண்கள் பெரும்பாலும் ஒரே சாம்பல் நிறம். இரண்டு தொட்டிப் பெண்களை ஒரு வாளியில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை.

குட்டைக்குக் குட்டை என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். நோதோபிராங்கியஸ் ஃபுர்செரியைப் பாருங்கள். ஜிம்பாப்வேயின் கோனரேஷூ பூங்காவில் 1970 வாக்கில் பிடித்த வம்சத்துக்கு ஜி.ஆர்.இசட். என்று குறி. 2004இல் மொசாம்பிக்கில் பிடித்தவற்றுக்கு எம்.இசட்.எம். இரண்டும் ஒரே இனம்தான். ஆனால் ஆய்வகத் தொட்டியில் ஜி.ஆர்.இசட். சில மாதங்களிலேயே கிழடு தட்டிச் செத்துவிடும், எம்.இசட்.எம். அதைவிடக் கூடுதலாக வாழும். முதுமையை ஆராய்கிறவர்கள் இந்த மீனைப் பிடித்துக்கொண்டிருப்பதே இதனால்தான். இரண்டு தொட்டியிலும் ‘ஃபுர்செரி’ என்று மட்டும் எழுதி ஒட்டியிருந்தால் அந்த ஆராய்ச்சி என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்று. ‘ஷோஸ்டெட்டி’ என்ற பெயர் 1966 வரை தப்பான மீனுக்கு வழங்கி வந்தது. நாம் கோல்டன் ஃபெசன்ட் என்கிறோமே, அந்தக் கில்லியை அந்தப் பெயரில் வளர்த்தார்கள். உண்மையில் அந்தப் பெயருக்கு உரியது புளூ கூலாரிஸ் என்ற வேறொரு கில்லி என்று கிளாசன் என்ற ஆய்வாளர் காட்டினார். ஃபெசன்ட்டுக்கு ஆக்சிடென்டாலிஸ் என்று புதுப் பெயர் வந்தது. பழைய சீட்டில் மூன்றெழுத்துக் குறி எழுதியிருந்தால் அதுவும் பெயரோடு சேர்ந்து பொய்யாகியிருக்கும். ‘சியரா லியோன்’ (ஃபெசன்ட்டின் நாடு) என்றோ ‘நைஜீரியா’ (கூலாரிஸின் நாடு) என்றோ ஒரு சொல் இருந்தால் எந்த மீன் என்று இன்றைக்கும் சொல்லிவிடலாம். என் கதையிலும் அதே கதிதான். அந்த பெங்களூர்ப் பையில் ‘பெய்ரா’ என்று மொசாம்பிக் ஊர்ப் பெயர் இருந்திருந்தால் ரக்கோவி என்று தெரிந்து ஆறு மாதம் பேசாமல் இருந்திருப்பேன்.

எண்ணை எழுதும்போது கோடு, புள்ளி எதையும் நீங்களாக மாற்றாதீர்கள். வந்ததை வந்தபடி எழுதுங்கள். திருப்பத்தூர் நிலையத்துக்கு டி.பி.டி., திருப்பதிக்கு டி.பி.டி.ஒய். கடைசி எழுத்தை நான் விட்டுவிட்டதில் ஒரு மூட்டை திருப்பத்தூர் பிளாட்பாரத்தில் இறங்கி இரண்டு நாள் கிடந்தது. முதலாளி என்ன சொன்னார் என்பதை அச்சில் போட முடியாது.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): எங்கள் வயல் வாய்க்காலில் நெற்றியில் வெள்ளிப் புள்ளி மின்னும் சின்ன மீன் பிடித்து வளர்க்கிறேன். கில்லி என்கிறார்கள். என்ன குறி போடுவது?

பதில்: அப்லோகைலஸ் பேரினம். லினியேட்டஸ், பார்வஸ், பிளாக்கி என்று தெற்கே பல உண்டு, படம் இல்லாமல் நான் ஊகிக்க மாட்டேன். நீங்களும் ஊகித்து எழுதாதீர்கள். ‘அப்லோகைலஸ், இனம் தெரியவில்லை’ என்று எழுதி, வாய்க்கால், ஊர், பிடித்த தேதி மூன்றையும் சேருங்கள். பெயரை அப்புறம் யாராவது சொல்லிக்கொள்வார்கள். வேறு வாய்க்கால் மீனை அதே தொட்டியில் விடாதீர்கள்.

கேள்வி (சென்னை வாசகி): எத்தனை நல்ல மார்க்கர் வாங்கினாலும் பையில் எழுதியது மூன்று மாதத்தில் அழிந்துவிடுகிறது. எதில் எழுதுவது?

பதில்: பென்சிலில். தடித்த காகிதத் துண்டில் எழுதி பைக்குள்ளேயே, பீட்டோடு சேர்த்துப் போடுங்கள். பென்சில் எழுத்து ஈரத்தில் கரையாது. பையின் மேல் மார்க்கரால் எழுதுவதை எழுதிக்கொண்டே இருங்கள், கூரியர் வந்ததும் எடுத்துப் பார்க்க ஆகும்.