நேபாள நூடுல்ஸும் சேலத்து நொறுக்கலும்

"நேபாளத்து இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் சாப்பிட்டவர்கள் இருக்கிறீர்களா? நம் கடைகளில் வாங்குவதிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பிட்டிருக்கிறேன். கொதிக்கவைத்துச் சாப்பிட்டால் பெரிய வேறுபாடு தெரியாது. கொதிக்கவைக்காமல் சாப்பிட்டால் அது வேறொரு பண்டம்.

என் மைத்துனர் ஏற்காட்டில் சிறிய விடுதி ஒன்று நடத்துகிறார். அங்கே சமையல் பார்ப்பவர் நேபாளத்துக்காரர். தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் துணிகளைவிட வை வை என்ற நேபாள நூடுல்ஸ் பாக்கெட்டுகள்தான் அவர் பையில் அதிகம் இருக்கும். உறையில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது நேபாள ரூபாய். நம் 1 ரூபாய் அவர்களுக்கு 1.60 ரூபாய்.

பிரித்தவுடன் கண்ணில் படுவது நிறம். நமக்குப் பழகிய நூடுல்ஸ் வெளிர் மஞ்சள். இது நன்றாகச் சிவந்த பழுப்பு. "இது ஏற்கெனவே வெந்தது, அதனால் அப்படியே தின்னலாம்" என்று பலர் விளக்கம் சொல்வார்கள். அது பாதிதான் சரி. எண்ணெயில் பொரித்த இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் எதுவானாலும் ஆவியில் வெந்த பிறகுதான் எண்ணெய்க்குப் போகிறது. பொரியும்போது ஈரம் வெளியேறி இழைக்குள் நுண்துளைகள் விழுகின்றன. பிறகு வெந்நீர் அவற்றுக்குள் புகுந்து இழையை மெத்தென்று ஆக்குகிறது. வை வையின் தனித்தன்மை, பொரிப்பதற்கு முன்பே இழையில் சுவை ஏற்றிவிடுவது. 1958-இல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் இன்ஸ்டன்ட் நூடுல்ஸும் இந்த வகைதான். மசாலாவைத் தனிப் பொட்டலமாகத் தரும் வழக்கம் பிறகு வந்தது. வை வையின் பூர்வீகம் தாய்லாந்து. நேபாளத்தின் சௌத்ரி குழுமம் அங்கிருந்து கொண்டுவந்து 1980-களில் தன் நாட்டில் தயாரிக்கத் தொடங்கியது.

உள்ளே மூன்று பொட்டலங்கள்: மசாலாத் தூள், வெங்காய மணமுள்ள எண்ணெய், மிளகாய்த் தூள். மூன்றையும் போட்டு, தண்ணீரை வற்றவிடாமல் சாறோடு குடிக்க வேண்டும் என்பது சமையல்காரரின் கட்சி. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே எதை வேகவைத்தாலும் கீழே சேலத்தில் ஆவதைவிடச் சற்று நேரம் பிடிக்கும். ஏரிப் பக்கமிருந்து பனி ஏறிவரும் மாலையில் அந்தச் சாறு நன்றாகவே இருந்தது. ஆனால் அவ்வளவுதான், ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் எந்த நூடுல்ஸும் அந்த நேரத்தில் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்து அவர் செய்து காட்டியதுதான் விஷயம். பாக்கெட்டைப் பிரிக்காமலே கையால் நொறுக்கினார். பாத்திரத்தில் கொட்டி, பொடியாக அரிந்த வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்த்து, பொட்டலங்களையும் தூவிக் கிளறினார். சாதேகோ என்கிறார்கள். சேலத்தில் பிறந்த எவருக்கும் அதைப் பார்த்தால் வேறு எது நினைவுக்கு வரும்? நம் தள்ளுவண்டி நொறுக்கல்தான்! தட்டுவடையையோ முறுக்கையோ உடைத்துப் போட்டு, கேரட், பீட்ரூட் துருவலும் வெங்காயமும் சேர்த்து, காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் ஊற்றிக் கிளறித் தருவார்களே, அதற்கும் இதற்கும் மாவுதான் வேறு.

பிறகென்ன, வீட்டில் நம் முறைப்படியே செய்து பார்த்தோம். கண்டது இதுதான். மிளகாய்ப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டுப் பூண்டு போட்டு அரைத்த சிவப்புச் சட்னியை ஊற்றுங்கள். சுவை ஒரு படி மேலே போகிறது. எண்ணெய்ப் பொட்டலத்தை விடாதீர்கள், மணமே அதில்தான். இழையில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, சட்னியிலும் இருக்கும். மசாலாத் தூளில் பாதி போதும். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் நீர் விட்டு எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடும். அரிசி மாவுத் தட்டுவடை கொஞ்ச நேரம் பொறுக்கும். இந்தக் கோதுமை இழை பொறுக்காது, கிளறிய கையோடு தின்றுவிட வேண்டும். சிவப்புச் சட்னிக்குச் சமையல்காரர் தலையாட்டினார். பீட்ரூட்டைத்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தார். காரமான பண்டத்தில் இனிப்பு எதற்கு என்று கேட்டார். அந்த வழக்கை நாங்கள் இன்னும் தீர்க்கவில்லை.

இதற்காக யாரும் நேபாளம் போய்வரத் தேவையில்லை. சிக்கிமின் ரங்போ உட்பட இந்தியாவிலேயே வை வை தயாராகிறது. சேலத்தில் பெரிய மளிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் இணையத்தில் வாங்கலாம். சைவம் சாப்பிடுபவர்கள் உறையைப் பார்த்து வாங்குங்கள். கோழிச் சுவை வகையும் காய்கறி வகையும் தனித்தனியாக வருகின்றன.