திருச்சபை அரசை ஒதுங்கச் சொல்கிறதா?

"சிறிய அமைப்பு செய்யக்கூடியதை அரசு செய்யக் கூடாது என்கிறது கத்தோலிக்க சமூகப் போதனை. அப்படியானால் நலத்திட்டங்களே தவறா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. இது பாதியை மட்டும் படிப்பதால் வரும் குழப்பம். நீங்கள் சொல்லும் கருத்துக்குத் துணைநிலைக் கோட்பாடு (subsidiarity) என்று பெயர். அதைத் தெளிவாக வகுத்தவர் திருத்தந்தை 11ஆம் பயஸ், 1931இல். குடும்பமும் சங்கமும் ஊரும் தாங்களே செய்யக்கூடியதை மேலே உள்ள அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்றார். ஆனால் அந்தப் பெயருக்கு வேரான 'சுப்சீதியும்' (subsidium) என்ற லத்தீன் சொல்லுக்கு உதவி என்று பொருள். கீழே உள்ளவர்களால் முடியாதபோது கைகொடுப்பது மேலே உள்ளவரின் கடமை.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். மீனவர்கள் படகோடு வந்து மக்களை மீட்டார்கள். தெருக்காரர்கள் சேர்ந்து சமைத்துப் போட்டார்கள். எந்த வீட்டு மாடியில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். பங்கின் அன்பியத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவுக்குத் தெரியும். கோட்டையில் இருப்பவருக்குத் தெரியாது. அதே சமயம், செம்பரம்பாக்கம் ஏரியின் மதகை எந்த அன்பியமும் திறந்து மூட முடியாது. அடையாற்றைத் தூர்வாருவதும் அப்படித்தான். அங்கே அரசு ஒதுங்கினால் அது துணைநிலை ஆகாது, கைவிடுதல்.

1891இலேயே திருத்தந்தை 13ஆம் லியோ எழுதினார்: பணக்காரர்களுக்குத் தங்களைக் காத்துக்கொள்ள வழியுண்டு, ஏழைகளுக்கு அரசின் பாதுகாப்பே முதன்மையான துணை. 1991இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இன்னொரு பக்கத்தையும் எச்சரித்தார்: எல்லாவற்றையும் தானே செய்யும் நல அரசு மக்களின் ஆற்றலை வற்றச் செய்து, அலுவலக இயந்திரத்தைப் பெருக்கிவிடும். எனக்கு இந்த இரண்டும் முரணாகத் தோன்றவில்லை. வார்டு கூட்டத்தில் மக்கள் பேசவும் வேண்டும், மாநகராட்சி வடிகால் கட்டவும் வேண்டும்.