‘பி கிரேடு’ என்றால் ருசி குறைவா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் நான்கு ஏக்கரில் அராபிகா காப்பி இருக்கிறது. வீட்டிலேயே பழத்தோல் உரிக்கும் பல்பரில் போட்டு, கழுவி, காயவைத்து பார்ச்மென்ட்டாக, அதாவது உள்தோலோடு விற்கிறேன். தரகர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், ஒரு கொட்டையைக் கடித்தார். “பி கிரேடுதான், கப்பும் (ருசியும்) சரியில்லை” என்று விலையைக் குறைத்துவிட்டார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். கிரேடு வேறு, ருசி வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் குழப்புவதில்தான் பல தரகர்களின் பிழைப்பே ஓடுகிறது.

ஏ, பி, சி என்பது பெரும்பாலும் சல்லடைக் கணக்கு. தோல் நீக்கிய கொட்டை 6.65 மில்லிமீட்டர் துளையில் நின்றால் ஏ. அதில் விழுந்து 6 மில்லிமீட்டரில் நின்றால் பி. அப்புறம் கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஒரே செடியில் ஏயும் காய்க்கும், பியும் காய்க்கும். உங்கள் சரக்கு இன்னும் தோலோடு இருக்கிறது. அதற்குள் என்ன கிரேடு?

கடித்துப் பார்த்தால் காய்ந்ததா, ஈரமா என்று ஓரளவு தெரியும். ருசி தெரியாது, வறுக்காத கொட்டையில் காப்பி ருசியே கிடையாது. முறையாகச் சுவைப்பவர் இளவறுப்பாக வறுத்து, குறைந்தது 8 மணி நேரம் ஆறவிட்டு அரைப்பார். 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் தூள். பால், சர்க்கரை கிடையாது. 4 நிமிடம் கழித்து மேலே மிதக்கும் தூளைக் கரண்டியால் விலக்கி முகர்ந்து, பிறகு சத்தமாக உறிஞ்சுவார். ஆற ஆறத்தான் குற்றம் வெளியே வரும்: பூஞ்சை வாடை, அதிகம் புளித்த வாடை. ஒரே சரக்குக்கு ஐந்து கோப்பை வைப்பதும் காரணத்தோடுதான். கெட்ட கொட்டை ஒன்று ஏதாவது ஒரு கோப்பையில் மட்டும் விழுந்திருக்கும். 100க்கு 80 வந்தால் ஸ்பெஷாலிட்டி, அதாவது உயர்தரக் காப்பி.

சரி, இதை எங்கே செய்வது? காபி வாரியத்தின் பெங்களூரு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். கூலி கொடுக்கக் காசு இல்லாதவர் அறிக்கை வரும்வரை மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா என்று யாரும் யோசிப்பதில்லை. காபி வாரியத்தின் கையில் இருந்த சந்தையை 1990களில் திறந்துவிட்டார்கள். ருசிக்கு விலை கேட்கும் உரிமை வந்தது. ருசியைச் சொல்லும் ஆள் மலையேறி வரவில்லை.

மாதிரியை நீங்களே எடுங்கள். தரகர் கையை விட்டு எடுப்பது எப்போதும் சுவரோரம் ஈரம் பட்ட மூட்டையில்தான். எல்லா மூட்டையிலிருந்தும் எடுத்துக் கலந்து மூன்று பங்காக்குங்கள்: ஒன்று அவருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று இருவர் கையெழுத்தோடு உங்கள் வீட்டில். ஈரப்பதம் 10 சதவீதம் இருக்க வேண்டும். அவருடைய மீட்டரில் ஒரே பிடியை இரண்டு முறை வைக்கச் சொல்லுங்கள். எண் பெரிதாக மாறினால் அந்த மீட்டரை நம்பி ஈரத்துக்கென்று கழிவு கொடுக்காதீர்கள்.

‘சின்னக் கொட்டை’ என்ற பேச்சில் ஒரு விலக்கு உண்டு, பீபெரி. பழத்துக்குள் இரண்டு தட்டைப் பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டு திரண்டால் அது பீபெரி. உருண்டை என்பதால் வட்டத் துளையில் சின்னதோடு சேர்ந்து விழும். ஆனால் அது கழிவல்ல. நீள் துளைச் சல்லடையில் தனியாகப் பிரித்துத் தனி கிரேடாக விற்கிறார்கள், ஃபில்டர் காப்பிக் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். உருண்டையாக இருப்பதாலேயே ருசி கூடிவிடாது, அது வேறு கதை. உங்களிடம் சின்னக் கொட்டை விலைக்கு வாங்கிப் பிறகு பீபெரியாக விற்பதுதான் வித்தை. முடிந்தால் பட்டிவீரன்பட்டியில் உங்கள் பெயரிலேயே கியூரிங்குக்கு (தோல் நீக்கித் தரம் பிரிக்க) கொடுங்கள். திரும்பி வரும் சீட்டில் ஏ, பி, சி, பீபெரி எடை தனித்தனியாக இருக்க வேண்டும். பீபெரி வரிசையில் வெறும் கோடு போட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பீபெரி காய்க்காத அராபிகா தோட்டம் கிடையாது.