கிரீன் டெரரா, புளூ அகாராவா?

கேள்வி: ஓராண்டுக்கு முன் ‘கிரீன் டெரர்’ என்ற பெயரில் 4 செ.மீ. குஞ்சாக நான் வாங்கிய சிக்லிட் மீன் இப்போது 13 செ.மீ. வளர்ந்திருக்கிறது. கன்னத்தில் நெளிநெளியான நீலக் கோடுகளும், உடலின் நடுவே ஒரு கரும்புள்ளியும், வால் துடுப்பின் ஓரத்தில் அகலமான வெள்ளைப் பட்டையும் உள்ளன. கிரீன் டெரருக்கு அந்தப் பட்டை ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும் என்றும், இது புளூ அகாரா என்றும் நண்பர் சொல்கிறார். பக்கவாட்டுப் படம் இணைத்துள்ளேன். எது சரி?

பதில்: புளூ அகாரா அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். கன்னக் கோடும் நடுப்புள்ளியும் இந்த உறவுக்கார மீன்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை என்பதால் அவற்றை வைத்து இனத்தைப் பிரிக்க முடியாது. ஆனால் வாலைச் சுற்றி இப்படி அகலமான வெளிர் பட்டை புளூ அகாராவுக்குக் கிடையாது. டிரினிடாடையும் வெனிசுவேலாவையும் சேர்ந்த அந்த மீனை 1858-இல் அமெரிக்க மீனியலாளர் தியோடர் கில் விவரித்தார்; அதன் அறிவியல் பெயர் ஆண்டினோஅகாரா புல்கெர்.

அப்படியானால் எந்தக் கிரீன் டெரர் என்பதுதான் கேள்வி, ஏனெனில் அந்த ஒரே பெயரில் இரண்டு இனங்கள் விற்பனைக்கு வருகின்றன. இரண்டும் அதே ஆண்டினோஅகாரா பேரினத்தைச் சேர்ந்தவை. ஈக்வடாரின் பசிபிக் சரிவிலும் பெருவின் வடகோடியிலும் வாழும் ரிவுலாட்டஸ் 1860 முதல் அறியப்பட்டது. பெருவின் பசிபிக் கடலோர ஆறுகளில் வாழும் ஸ்டால்ஸ்பெர்கி 2009-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. நார்வேயைச் சேர்ந்த மீன் வளர்ப்பு ஆர்வலரான ஆல்ஃப் ஸ்டால்ஸ்பெர்கின் பெயரை அதற்குச் சூட்டியிருப்பது, தொட்டி முன் அமர்ந்து கவனிப்பவர்களுக்குக் கிடைத்த மரியாதை என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் நண்பர் சொல்லும் ஆரஞ்சுப் பட்டை ரிவுலாட்டஸுக்கு உரியதுதான், ஆனால் அந்த நிறம் உணவில் கிடைக்கும் கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகளைப் பொறுத்து மங்கவும் கூடும் என்பதால் அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. விலாவில் உள்ள செதில்களைப் பாருங்கள். ரிவுலாட்டஸில் ஒவ்வொரு செதிலின் நடுவும் இருண்டு, ஓரம் வெளிறியிருப்பதால் உடல்மேல் வெளிர் வலை விரித்தது போலத் தெரியும். ஸ்டால்ஸ்பெர்கியில் இது தலைகீழாகி, இருண்ட ஓரத்துக்குள் மின்னும் புள்ளிகள் வரிசை வரிசையாக நிற்கும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, செவுள் மூடிக்குப் பின்னால் தொடங்கி வால்வரை அந்தப் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. எனவே உங்களிடம் இருப்பது ஸ்டால்ஸ்பெர்கி என்பதே என் முடிவு. 4 செ.மீ. குஞ்சில் இந்த அடையாளங்கள் தெளிவாக இருப்பதில்லை.

புளூ அகாரா என்று எண்ணிச் சாதுவான மீன்களோடு விட்டுவிடாதீர்கள். இது 20 செ.மீ. தாண்டி வளரும், முட்டையிடும் காலத்தில் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொள்ளும், ஆணானால் நெற்றியில் திமிலும் எழும். துணை தேடும்போது வால் விளிம்பின் நிறத்தை விட்டு, செதிலைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். இரண்டு இனமும் கலந்து பிறக்கும் குஞ்சுகளுக்கு எந்தப் பெயரும் பொருந்தாது.